பழைய செருப்புக் கடைப் பொருட்களைச் சேகரிப்பது எப்படி? பெட்டி முதல் எனாமல் போர்டு வரை ஒரு முழு வழிகாட்டி

பழைய ஷூ சேகரிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், ஷூவை விடுங்கள், அது வந்த பெட்டியைத் தேடுங்கள் என்பேன். ஷூ நிலைக்காது. ரப்பர் அடி இறுகி வெடிக்கும். பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் அடி ஈரக்காற்று பட்டே சிதையும். ஒருமுறைகூடக் காலில் போடாத ஜோடியானாலும் ஒருநாள் எடுத்துப் பார்த்தால் பொடியாக உதிரும். பெட்டி அப்படியில்லை. கொஞ்சம் கவனித்தால் நம்மைவிட நீண்ட நாள் இருக்கும். விலை, சைஸ், கம்பெனி பெயர், ஊர், சில சமயம் கடைப் பையன் பென்சிலால் கிறுக்கிய கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஷூ யாருடையது என்று ஷூவே சொல்லாது. பெட்டியும் பில்லும் சொல்லும்.

அதனால் இந்த வழிகாட்டி ஷூவைச் சுற்றியிருந்த பொருட்களைப் பற்றியது: பெட்டி, பில், பாலிஷ் டப்பா, எனாமல் போர்டு, ஷோகேஸ் ஸ்டாண்டு, கால் அளவுக் கட்டை, பெல்ட், பக்கிள், ஹேண்ட்பேக். பெரும்பாலும் இந்தியப் பொருட்களைப் பற்றியே சொல்கிறேன். நமக்குக் கையில் கிடைப்பது அவைதான்.

படி 1: எதைச் சேகரிப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பழைய கடைச் சாமான் எல்லாம் வாங்குவேன் என்று கிளம்பினால் ஆறே மாதத்தில் வீட்டில் நடக்க இடமிருக்காது. ஏதாவது ஒரு கம்பெனி, ஒரு ஊர், ஒரு பத்தாண்டு, அல்லது ஒரே ஒரு வகைப் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி என்றால் எல்லோரும் பாட்டாவில்தான் தொடங்குவார்கள், அது நல்லதுதான். பொருள் நிறையக் கிடைக்கிறது, வரலாறும் தெளிவாக இருக்கிறது. பாட்டாவை நம்மூர்க் கம்பெனி என்றே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1894இல் இன்றைய செக் நாட்டின் ஸ்லீன் நகரத்தில் தோமாஷ் பாட்டாவும் அவருடைய அண்ணனும் அக்காவும் சேர்ந்து தொடங்கியது அது. இந்தியக் கம்பெனி 1931இல் பதிவானது. கல்கத்தா பக்கம் கொன்னகரில் சிறிய அளவில் வேலை தொடங்கி, 1934இல் பாட்டாநகர் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். வெறுங்காலில் நடந்தால் டெட்டனஸ் வரும் என்று எச்சரிக்கும் விளம்பரம், பள்ளிக்கூடத்துக்கு முன் பாட்டாவுக்கு என்ற விளம்பரம், 'நாட்டி பாய்' பள்ளி ஷூ, 'அம்பாசடர்' ஆபீஸ் ஷூ, பின்னால் வந்த 'பவர்', 'நார்த் ஸ்டார்' என்று இந்த ஒரு கம்பெனியையே ஆயுள் முழுக்கத் துரத்தலாம். 99.95, 199.90 என்று முடியும் விலையை நாம் 'பாட்டா விலை' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மாதிரி விலைச்சீட்டுகளை மட்டும் சேர்த்தாலே ஒரு ஆல்பம் நிறையும்.

பாட்டா வேண்டாம் என்றால் கரோனா என்ற ஷூ கம்பெனி இருக்கிறது. கான்பூரின் 'ஃப்ளெக்ஸ்' இருக்கிறது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைத்துக் கொடுத்த கூப்பர் ஆலன் ஆலையின் வழியில் வந்த பெயர் அது. கம்பெனி மூடிவிட்டால் புதிதாகப் பெட்டி வராது, ஆகவே தேடலுக்கு ஒரு எல்லை கிடைக்கும்.

எனக்குப் பிடித்த வகை இதெல்லாம் இல்லை. உள்ளூர்க் கடைகளின் சொந்தப் பெட்டிகள்தான் பிடிக்கும். மதுரை, திருச்சி, தஞ்சாவூர் கடைவீதிகளில் சின்னச் சின்னக் கடைகள் தங்கள் பெயரை அச்சடித்து வைத்திருந்த அட்டைப்பெட்டிகளும் துணிப்பைகளும் காலண்டர்களும் ரசீதுப் புத்தகங்களும் எந்தக் கம்பெனி ஆவணத்திலும் இருக்காது. விலையும் மலிவு. போட்டிக்கு ஆளும் இல்லை.

படி 2: வயதைக் கணிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சந்தைக்குப் போவதற்கு முன் இது கைவர வேண்டும். விற்பவர் எதை எடுத்தாலும் "வெள்ளைக்காரன் காலத்துது சார்" என்பார். பெட்டியிலேயே பதில் இருக்கிறது.

முதலில் விலையைப் பாருங்கள். ரூபாய்–அணா–பை என்று 12-8-0 மாதிரி மூன்று எண்கள் இருந்தால் 1957 ஏப்ரல் 1க்கு முந்தையது, அல்லது மாற்றம் நடந்த ஓரிரு வருஷத்துக்குள் பழைய சீட்டு ஒட்டி விற்றது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். 1964 ஜூனிலிருந்து 'நயா' போய் வெறும் பைசா ஆகிவிட்டது. இந்த ஏழு வருஷ இடைவெளிதான் நம்மூர்ச் சேகரிப்பாளர்களுக்குக் கிடைத்த மிகத் துல்லியமான அளவுகோல். விலையோடு 'உள்ளூர் வரிகள் தனி' என்று போட்டிருந்தால் 1990க்கு முன் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லா வரியும் உட்பட அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது. 890 என்று தொடங்கும் பார்கோடு இருந்தால் 1990களின் பின்பாதியோ அதற்கும் பிறகோதான்.

அடுத்தது முகவரி. ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. 'மெட்ராஸ்-2', 'மெட்ராஸ்-3' என்று சின்ன எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன். பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பழைய அச்சுப் பிளாக்கைக் கடைக்காரர் பத்து வருஷம் மாற்றாமல் ஓட்டுவார். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன். 'சென்னை' என்று ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்தால் 1996க்குப் பின். தமிழில் சென்னை என்று முன்பிருந்தே எழுதுவதால் தமிழ் எழுத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. மவுண்ட் ரோடு என்று போட்டிருப்பதையும் நம்பாதீர்கள். இன்றைக்கும் பாதி ஊர் அப்படித்தான் சொல்கிறது. இலங்கைப் பொருளில் 'சிலோன்' என்றிருந்தால் 1972 மே மாதத்துக்கு முன். வெளிநாட்டுப் பக்கிள், கிளிப், ஹேண்ட்பேக்கில் 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949–1990, 'செக்கோஸ்லோவாக்கியா' என்றால் 1992க்குள்.

கம்பெனிப் பெயரும் உதவும். பாட்டா 1973இல்தான் பொதுப் பங்கு வெளியிட்டு 'பாட்டா இந்தியா லிமிடெட்' ஆனது. அந்தப் பெயர் இருக்கும் பெட்டியை 1950களின் பெட்டி என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். செர்ரி பிளாசம் பாலிஷ் டப்பாவில் 'ரெக்கிட் அண்ட் கோல்மன்' என்று இருந்தால் 1999க்கு முன். அந்த வருஷம்தான் பெங்கிசர் என்ற கம்பெனியோடு இணைந்து பெயர் மாறியது. செர்ரி பிளாசம் லண்டனின் சிஸ்விக் பகுதியிலிருந்தும், கிவி பாலிஷ் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்தும் வந்தவை. இரண்டும் 1906இல் பிறந்தவை என்பது ஒரு வேடிக்கை.

பில் கிடைத்தால் தங்கம். தேதி எழுதியிருக்கும், தேதி கிழிந்திருந்தாலும் விற்பனை வரி எண் இருக்கும். தமிழ்நாட்டில் டி.என்.ஜி.எஸ்.டி. எண் 2006 முடியும்வரை, 2007 ஜனவரியிலிருந்து வாட், 2017 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருந்தால் அதன் மதிப்பு அணாவிலா, நயா பைசாவிலா, பைசாவிலா என்று பாருங்கள். 'தந்தி' என்று தந்தி முகவரி போட்டிருந்தால் கடை அந்தக் காலத்தில் கொஞ்சம் பெரிய கையாக இருந்திருக்கும்.

படி 3: எங்கே, எப்போது, எப்படிக் கேட்பது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒருமுறையாவது போக வேண்டும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் பாத்திரம், தகர டப்பா, விளம்பரப் போர்டு எல்லாம் அங்கே குவிந்திருக்கும். ஆனால் அது வியாபாரிகளின் சந்தை. அவர்களுக்கு விலை தெரியும். சென்னையில் 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் இடத்தை எதுவும் நிரப்பவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் காலையிலேயே போய்த் துழாவினால் பக்கிள், பாலிஷ் டப்பா, செருப்புத் தைக்கும் இரும்புக் கால் எல்லாம் கிடைக்கும். புதுச்சேரியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் அப்படித்தான். சென்னைப் பெரியமேட்டில் தோல், பக்கிள், லைனிங் விற்கும் கடைகளின் பின்கட்டில் பழைய சாம்பிள் அட்டைகள் தேங்கியிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் மரத்தில் செய்த பழைய 'லாஸ்ட்' கட்டைகள், அதாவது ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கும் கால் வடிவக் கட்டைகள், விறகு விலைக்குப் போயிருக்கின்றன.

இதையெல்லாம்விட நல்ல இடம், முப்பது நாற்பது வருஷமாக ஒரே இடத்தில் நடக்கும் செருப்புக் கடையின் பரண்தான்.

எப்போது போவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்திலும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்திலும் எந்தச் செருப்புக் கடைக்கும் போகாதீர்கள். உங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட ஆளிருக்காது. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் கடையை ஒழித்துத் துடைப்பார்கள். அப்போது பரணில் இருப்பது கீழே வரும். அதைவிட முக்கியம் போகி. வீட்டிலும் கடையிலும் பழையதெல்லாம் தீயில் போகும் அந்த விடியலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தெரிந்த கடைகளில் சொல்லி வைத்துவிட வேண்டும். போகியன்று காலையில் போனால் சாம்பல்தான் கிடைக்கும்.

நேரம் பதினொன்றரை மணி வாக்கில் நல்லது. போணி ஆகியிருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கும். போணி ஆவதற்கு முன் போய்ப் பழைய பெட்டி கேட்டால் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. விளக்கு வைக்கும் நேரத்தில் எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கொடுக்காதவர்களும் உண்டு. முதலில் ஒரு ஜோடி செருப்பு வாங்குங்கள். அப்புறம் பேச்சு கொடுங்கள். "பாய், மேல பரண்ல பழைய காலிப் பெட்டி, போர்டு ஏதாச்சும் கிடக்கா? எனக்கு அதுல ஒரு ஆசை" என்று நேராகக் கேட்பதே போதும். "எதுக்குத் தம்பி, காலிப் பெட்டியா?" என்று சிரிப்பார்கள். பரவாயில்லை. 'ஆன்டிக்' என்ற சொல்லை மட்டும் வாயிலிருந்து விடாதீர்கள். அதைக் கேட்டதும் விலை மூன்று மடங்காகும், அல்லது "யோசிச்சுச் சொல்றேன்" என்று பொருள் திரும்பப் பரண் ஏறும்.

பெரியவர்கள் யாராவது கல்லாவில் இருந்தால் அவர்கள் சொல்வதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். எந்த வருஷம் கடை தொடங்கினார்கள், போர்டு எங்கே மாட்டியிருந்தது, பெட்டியை எந்த அச்சகத்தில் அடித்தார்கள் என்ற தகவல் பொருளோடு சேர்ந்து வந்தால்தான் அதற்கு மதிப்பு. டெட் ஸ்டாக், அதாவது விற்காமல் தேங்கிய சரக்கு, என்று அவர்கள் ஒதுக்கியதில் பெட்டியும் ஷூவும் விலைச்சீட்டும் ஒன்றாக இருந்தால், அந்த ஷூ எவ்வளவு மோசமாக இருந்தாலும் பிரித்து வாங்காதீர்கள்.

படி 4: கையில் எடுத்துப் பார்ப்பது

ஒரு ஷூ பெட்டியை எப்படிப் பார்ப்பது? மூடியைக் கழற்றுங்கள். மூடி மறைத்திருந்த மேல் விளிம்பில்தான் அட்டையின் அசல் நிறம் இருக்கும். வெளியே இளஞ்சிவப்பாகத் தெரிவது உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கலாம். அந்தக் கால அச்சு மையில் சிவப்பு முதலில் வெளுக்கும். அப்புறம் சீட்டு ஒட்டிய முன்பக்கத்தைப் பாருங்கள். அடுக்கிலிருந்து விரலால் இழுத்து எடுத்ததால் அங்கே கீழ் விளிம்பு நைந்திருக்கும். மூலைகள் நசுங்கியிருந்தால் அதற்கும் காரணம் உண்டு. நம்மூர்க் கடைகளில் பரணில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். கீழிருந்து "ஏழு, கறுப்பு, லேஸ்" என்று குரல் கொடுத்ததும் கூரை ஓட்டை வழியாகப் பெட்டியைப் போடுவான், விற்பனையாளர் அண்ணாந்து பார்க்காமலே பிடிப்பார். சில சமயம் பிடிக்க மாட்டார். நைந்த விளிம்பும் நசுங்கிய மூலையும் பெட்டி கடையில் உழைத்ததற்கான அடையாளம், குறையாக எண்ணாதீர்கள். விலைச்சீட்டின் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கீழே இருக்கும் பழைய விலை பெரும்பாலும் தெரியும்.

எனாமல் போர்டில்தான் போலி அதிகம். நகல் போர்டுகள் இந்தியாவிலேயே ஏராளமாகத் தயாராகின்றன, வெளிநாட்டுச் சந்தைவரை போகின்றன. அசல் எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியை உருக்கிப் பூசியது. சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சூளையில் வைத்து எடுப்பார்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எழுத்தின் ஓரத்தில் விரல் நுனியை ஓட்டுங்கள். ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குப் போகும் இடத்தில் மெல்லிய படி தட்டுப்படும். பூதக்கண்ணாடியில் அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது புதிய வேலை. அடிபட்டுப் பெயர்ந்த இடத்தில் அடுக்குகள் தெரிய வேண்டும்: மேலே வெள்ளை, அதன்கீழ் கருநீலமோ கறுப்போ ஆன அடிப்பூச்சு, அதற்கும் கீழே இரும்பு.

துரு இன்னொரு சாட்சி. அசல் போர்டில் ஆணி முறுக்கிய ஓட்டைகளைச் சுற்றியும் மூலைகளிலும்தான் பெயர்ந்திருக்கும். துரு கருமையேறிக் கெட்டியாக இருக்கும். சீராகப் பரவிய ஆரஞ்சுத் துரு, அதுவும் விரலில் ஒட்டுவது, உப்போ அமிலமோ தெளித்து வரவழைத்தது. ஆணி ஓட்டையின் உள்விளிம்பையும் பாருங்கள். ஓட்டை போட்ட பிறகுதான் சூளையில் வைப்பார்கள் என்பதால் அசலில் விளிம்பு வளைவில் எனாமல் இறங்கியிருக்கும். பிற்பாடு துளைத்ததில் வெறும் இரும்பு தெரியும். கீழ் ஓரத்தில் மிகச் சின்ன எழுத்தில் போர்டு செய்த கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒரு காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்திருங்கள், அலுமினியத்தில் அடித்த நகல் அங்கேயே பிடிபடும்.

கால் அளவு பார்க்கும் கருவியும் சுவாரசியமானது. நம்மூரில் புழங்குவது பிரிட்டிஷ் அளவு. அதில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் ஒரு புள்ளி மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். பழைய மரக் கட்டையில் எந்தக் கோடு இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தால் அது எந்தச் சந்தைக்குச் செய்தது என்று தெரிந்துவிடும். உலோகத்தில் குதிகால் குழியோடு வருவது பிரான்னாக் கருவி. அமெரிக்காவின் சிராகியூஸ் நகரத்தில் செருப்புக் கடைக்காரர் மகனான சார்லஸ் பிரான்னாக் 1920களில் உருவாக்கியது. நீளம், அகலம், வளைவு மூன்றையும் ஒரே சமயத்தில் அளக்கும்.

படி 5: விலை

எனாமல் போர்டின் விலை ஏறியதற்குக் காரணம் சேகரிப்பாளர்கள் இல்லை. காபிக் கடைகளும் 'பழைய பாணி' ஹோட்டல்களும் சுவரை அலங்கரிக்க வாங்குகின்றன. அந்தப் போட்டியில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. காகிதப் பொருள் இன்னும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகிறது. அங்கே கிலோ விலைக்கு இரண்டு மடங்கு தருகிறேன் என்றால் கடைக்காரரே எடுத்து வைப்பார்.

பெட்டி, விலைச்சீட்டு, உள்ளே சுற்றிய மெல்லிய தாள், பில் நான்கும் சேர்ந்திருந்தால் கேட்கும் விலையில் பெரிதாகப் பேரம் பேசாதீர்கள். தனிப் பெட்டிக்குப் பேசுங்கள்.

படி 6: வாங்கவே கூடாதவை

பழைய ஹேண்ட்பேக், மணிபர்ஸ், பெல்ட்டில் பாம்புத் தோல் நிறைய வரும். சென்னை ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்தின் பெரிய மையம். பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக அந்த வியாபாரம் நின்றபோது அவர்கள் பிழைப்பும் போனது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், கொல்லாமல் விஷம் எடுத்துவிட்டுத் திரும்ப விடும் வேலையாக அதை மாற்றியது. மலைப்பாம்புத் தோல், ஆமை ஓடு, தந்தம் எதையும் பழையதுதானே என்று வாங்காதீர்கள். விற்பதும் வாங்குவதும் குற்றம். தந்தம் என்று விற்கப்படும் ஷூ ஹார்ன், அதாவது ஷூ மாட்ட உதவும் கரண்டி, பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காகவே இருக்கும். வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வளைகோடுகள் இருந்தால் தந்தம், நேர்கோடுகள் மட்டும் அடுக்காக ஓடினால் செல்லுலாய்டு. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

நூறு வருஷத்துக்கு மேல் பழைய கைவினைப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மாமாவுக்குப் பரிசாக அனுப்புவதும் இதில் அடங்கும்.

வெளிநாட்டு ஏலங்களில் ஒரு மரப்பெட்டி வரும். மேலே மூன்று பார்வைக் குழல்கள், கீழே கால் நுழைக்க ஒரு பொந்து. 1920களிலிருந்து 1950கள் வரை அமெரிக்கா, பிரிட்டன் கடைகளில் இருந்த எக்ஸ்ரே கருவி அது. ஷூவுக்குள் குழந்தையின் கால் எலும்பு எப்படி இருக்கிறது என்று அம்மா, குழந்தை, விற்பனையாளர் மூவரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள். கதிர்வீச்சின் ஆபத்து புரிந்த பிறகு 1957இல் பென்சில்வேனியா மாநிலம் தடை செய்தது, மற்ற இடங்களும் தொடர்ந்தன. மின்சாரம் இல்லாதவரை அது வெறும் மரப்பெட்டிதான். ஆனால் ஓடுகிறதா பார்ப்போமே என்று பிளக்கைச் சொருகும் ஆட்கள் வீட்டில் இருந்தால் வாங்காமலிருப்பதே நல்லது.

படி 7: சுத்தம் செய்வதும் காப்பாற்றுவதும்

நம்மூர்க் கைப்பழக்கம் இங்கே எதிரி. தோல் பை வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவத் தோன்றும். தடவினால் ஒரு மாதம் பளபளக்கும், அப்புறம் தூசி ஒட்டும், ஐப்பசி அடைமழையில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். பித்தளைப் பக்கிளைப் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். தேய்த்தால் மேலிருந்த முலாமும் முத்திரை எழுத்தும் போய்விடும். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். எனாமல் போர்டுக்குச் சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, உடனே ஈரம் ஒற்றி எடுத்தல், அவ்வளவுதான். அச்சடித்த தகர டப்பாவுக்குத் தண்ணீரே வேண்டாம். பாலிஷ் டப்பாவில் காய்ந்து வெடித்த பாலிஷ் இருந்தால் சுரண்டாமல் அப்படியே விடுங்கள், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய தென்னிந்தியத் தோல் ஒரு காலத்தில் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. அந்த மாதிரி மரப்பட்டைத் தோல் பழையதாகும்போது சிவப்புப் பொடியாக உதிர்வதுண்டு. ஒருமுறை ஆரம்பித்தால் திரும்பாது. கையாளுவதைக் குறைத்துத் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள்.

காகிதத்துக்கு மூன்று எதிரிகள்: ஈரம், வெயில், இராமபாணப் பூச்சி. பெட்டிகளைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், அரை அடி தள்ளி வையுங்கள். தரையிலும் வேண்டாம். மர அலமாரியைவிட இரும்பு பீரோ நல்லது. பிளைவுட்டிலிருந்து வரும் அமில ஆவி அட்டையைப் பழுப்பாக்கும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் காய வைத்துத் திரும்பப் போடுங்கள். பெட்டிக்குள் செய்தித்தாள் திணிக்க வேண்டாம். அமிலமில்லாத வெள்ளைத் தாள் கிடைக்கும், அதைக் கசக்கி உள்ளே வைத்தால் வடிவம் நிற்கும். கிழிந்த மூலையில் செல்லோ டேப் ஒட்டினால் சில வருஷத்தில் டேப் உதிர்ந்து மஞ்சள் பிசின் மட்டும் அட்டையில் தங்கும். மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. கிழிசலை அப்படியே விடுவது மேல். துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள்.

பாச்சா உருண்டை எல்லோர் வீட்டிலும் இருக்கும். காகிதத்தோடு வைக்கலாம், பிளாஸ்டிக்கோடு கூடாது. சில வகைப் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். ஓலைச்சுவடிகளுக்கு வைக்கும் வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடுவது நம் பழைய வழி, கெடுதல் இல்லாதது. பூச்சி ஏற்கெனவே ஏறியிருந்தால் பெட்டியைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க வெளியே வைத்து, குளிர் போன பிறகு பிரியுங்கள். இல்லாவிட்டால் வியர்த்து அட்டை ஊறிவிடும். வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பது உங்கள் பாடு.

செல்லுலாய்டுச் சீப்பு, பக்கிள், ஷூ ஹார்ன் இவற்றை மூடிய டப்பாவில் அடைக்காதீர்கள். சிதையும்போது அமில ஆவி விட்டுப் பக்கத்திலிருக்கும் உலோகத்தையும் காகிதத்தையும் கெடுக்கும். கற்பூர வாசனையோ புளித்த வாசனையோ வந்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். பி.வி.சி. ஹேண்ட்பேக் பிசுபிசுக்க ஆரம்பித்தாலும் அதே கதைதான்.

படி 8: பதிவேடு

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். வரிசை எண், எங்கே யாரிடம் வாங்கியது, தேதி, கொடுத்த விலை, அகலம் உயரம், கடைக்காரர் சொன்ன தகவல், நீங்கள் கணித்த காலம், எதை வைத்துக் கணித்தீர்கள் என்பது. கடைசி விஷயத்தைப் பலர் எழுதுவதில்லை. "1960 வாக்கில்" என்று மட்டும் எழுதினால் பின்னால் உங்களுக்கே அதில் நம்பிக்கை வராது. "நயா பைசா விலை, பின்கோடு இல்லை" என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பெட்டியின் மேல் பேனாவால் எண் எழுதாதீர்கள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிப் போடுங்கள். ஆறு பக்கமும் மூடியின் உட்புறமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

வீட்டில் இன்னொருவருக்கு இந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் ஊரில் இல்லாத ஒரு போகிக்கு 'காலிப் பெட்டிகள்' வாசலுக்குப் போய்விடும்.

படி 9: காட்சிக்கு வைப்பது

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே வைக்காதீர்கள். பத்துப் பொருள் வெளியே, மீதி பீரோவில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். நேர் வெயில் படாத சுவர், சூடேறாத எல்.இ.டி. விளக்கு. எனாமல் போர்டை மாட்டும்போது ஸ்க்ரூவுக்கும் எனாமலுக்கும் நடுவில் ரப்பர் அல்லது ஃபைபர் வாஷர் போட்டு, கடைசி முறுக்கைக் கையால் மட்டும் கொடுங்கள். ட்ரில் மெஷினால் முறுக்கினால் நூறு வருஷம் தாங்கிய எனாமல் ஒரு நொடியில் சிலுக்கென்று பெயரும்.

சரிவாக வைத்த சின்னக் கண்ணாடி, சாய்ந்த பலகை வைத்த அளவு பார்க்கும் ஸ்டூல், குரோம் ஸ்டாண்டு இந்த மூன்றையும் சேர்த்து ஒரு மூலையில் வைத்து, ஸ்டாண்டின் மேல் ஷூவுக்குப் பதில் பெட்டியை வையுங்கள். டொரோண்டோவில் 1995இல் திறந்த பாட்டா ஷூ மியூசியத்தின் கட்டடமே, மூடி சற்றே திறந்த ஷூ பெட்டி வடிவத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. பாட்டா குடும்பத்து மருமகள் சோன்யா பாட்டா பல பத்தாண்டு சேர்த்த ஆயிரக்கணக்கான ஜோடிகள் அதற்குள் இருக்கின்றன. போக வாய்ப்பிருந்தால் போய்ப் பாருங்கள். வாசலுக்கு எதிரே தெருவைத் தாண்டி நின்று பார்த்தால்தான் அந்த மூடி சரியாகத் தெரியும்.